பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தையின் கண்கள் ஏன் ஓயாமல் அசைகின்றன?

#1 | வேணி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. விழித்திரை நோய், லீபர் கன்ஜெனிட்டல் அமரோசிஸ் என்று கைக்குழந்தையாக இருக்கும்போதே சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

இந்த வருஷம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். போன வாரம் டைரியில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள்: "பாடத்தைக் கவனிப்பதில்லை. கண் எங்கெங்கோ போகிறது." அன்றைக்கு வகுப்பில் சொன்ன கதையை அவன் வீட்டுக்கு வந்து சிங்கத்தின் குரல் முதற்கொண்டு எனக்குச் சொல்லிக் காட்டினான். கவனிக்காத பிள்ளை இப்படிச் சொல்லுமா?

அவன் கண்கள் எப்போதும் அசைந்துகொண்டேதான் இருக்கும். மெதுவாக ஒரு பக்கம் போகும், வெடுக்கென்று திரும்பும். சில சமயம் ஒரு கண் மேலே, இன்னொன்று பக்கவாட்டில். டாக்டரிடம் கேட்டால் "இந்த நோயில் அப்படித்தான் இருக்கும்மா" என்கிறார். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். பார்வையே இல்லாத கண் எதைத் தேடி அசைகிறது?

அப்புறம் இன்னொன்று. உறவினர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். பார்வை இல்லாவிட்டால் மூளையில் பார்வைக்கான பகுதி பயன்படாமல் செத்துப்போகும் என்று அதில் சொல்கிறார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உண்மையா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

#2 | முத்து_ஆப்டம்

வேணி, நான் கண் பரிசோதனைத் துறையில் வேலை செய்கிறவன். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

கண் அசைவதற்குப் பார்வை வேண்டாம். ஒரே இடத்தில் நிற்பதற்குத்தான் பார்வை வேண்டும். நம் எல்லோருக்கும் இது தலைகீழாகத் தோன்றும். சும்மா இருந்தால் கண் நேராக நிற்கும், பார்க்கவேண்டும் என்றால் அசையும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து கலங்காது. இப்போது தலையை அசைக்காமல் போனை மட்டும் அதே வேகத்தில் ஆட்டுங்கள். ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. முதல் தடவை என்ன நடந்தது என்றால், தலை திரும்புவதை உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் உணர்ந்து, தலை வலப்பக்கம் போனால் கண்ணை அதே அளவுக்கு இடப்பக்கம் தள்ளிவிடுகின்றன. இந்த அனிச்சைச் செயலுக்குப் பார்வை வரும்வரை காத்திருக்க நேரமில்லை, அவ்வளவு வேகம்.

ஆனால் "அதே அளவுக்கு" என்பதைப் பிறந்த குழந்தையின் மூளை எப்படிக் கண்டுபிடிக்கும்? தலை திரும்பும்போது விழித்திரையில் விழும் பிம்பம் கொஞ்சம் வழுக்கினால், "கணக்கு சரியில்லை" என்ற செய்தி சிறுமூளைக்குப் போகும். சிறுமூளை அளவைத் திருத்தும். வாழ்நாள் முழுக்க இந்தத் திருத்தம் நடக்கிறது. புதுக் கண்ணாடி போட்டவுடன் இரண்டு நாள் தரை மிதப்பதுபோல் இருந்து, பிறகு சரியாகிவிடுவது இதனால்தான்.

கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி அங்கேயே பிடித்து வைப்பதும் இப்படித்தான். அதற்கென்று மூளைத்தண்டில் ஒரு சுற்று இருக்கிறது. திருத்தம் கிடைக்காவிட்டால் அதன் பிடி தளரும், கண் மெல்ல நழுவும், ஏதோ ஒரு கட்டத்தில் வெடுக்கென்று திரும்பும். நீங்கள் எழுதியிருக்கும் "மெதுவாகப் போகும், வெடுக்கென்று திரும்பும்" என்பது அப்படியே இந்த அசைவுதான். எங்கள் துறையில் நிஸ்டாக்மஸ் என்போம், தமிழில் கண்ணாட்டம். பிறவிக் குறை உள்ள குழந்தைகளிடம் இது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தெரிய ஆரம்பிக்கும். மற்ற குழந்தைகள் அம்மாவின் முகத்தில் கண்ணை நிறுத்தப் பழகும் வயது அது.

இதை முறையாகப் பதிவு செய்து எழுதியவர்கள் லீ, ஸீ என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள். அந்தக் கட்டுரை 1980-இல் வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களிடம் உள்காது அனிச்சை மிகப் பலவீனமாக இருந்தது. கேட்டுக்கொண்டபடி கண்ணை ஒரு பக்கம் திருப்பவும் அவர்களுக்கு வரவில்லை. ஆனால் தானாக நடக்கும் அந்த வெடுக் அசைவு இருந்தது. அதாவது தசையும் நரம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களின் கதை வேறு. ஒருமுறை சரிசெய்யப்பட்ட அளவை அவர்கள் மூளை பெருமளவு தக்கவைத்துக்கொள்கிறது.

ஆகவே உங்கள் மகனின் கண் எதையும் தேடவில்லை. அந்த அசைவால் அவனுக்கு வலியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை.

---

#3 | செவிவழி

இந்த இழையை ஸ்கிரீன் ரீடர் படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயில் இரண்டு கண்ணும் போயின. இப்போது மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன்.

முத்து சார் சொன்னதை உள்ளிருந்து சொல்கிறேன். என் கண் அசைவது எனக்குத் தெரியவே தெரியாது. மூடிய இமைமேல் விரல் வைத்தால் உள்ளே உருள்வது விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. "வலப்பக்கம் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் தலையைத் திருப்புவேன். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புங்கள் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது. காதை ஆட்டுங்கள் என்று உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்களோ, அதுதான் என் நிலை.

பிரெயில் படிக்கும்போது என் கண்கள் மேலே போய்விடுகின்றன என்று மனைவி சொல்வார். புத்தகம் மடியில் இருக்கும், இரண்டு ஆள்காட்டி விரலும் வரியில் போய்க்கொண்டிருக்கும், கண்கள் மேற்கூரையில். பார்க்கிறவர்களுக்கு நான் வேறெங்கோ இருப்பதாகத் தோன்றும். எனக்கோ அந்த நேரத்தில் உலகமே அந்த ஆறு புள்ளிகளில்தான் இருக்கும்.

வேலைக்காக ஒரு நேர்காணலுக்குப் போனபோது, "ஆர்வம் இல்லாதவர்போல் இருந்தார்" என்று குழுவில் ஒருவர் சொன்னதைப் பிறகு கேள்விப்பட்டேன். நான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தேன். வேணி, டைரியில் எழுதி அனுப்பிய அந்த ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். விட்டுவிடாதீர்கள். ஆறு வயதில் ஒட்டும் "கவனமில்லாதவன்" என்ற பெயர் லேசில் போகாது.

---

#4 | ராகவ்_ஈரோடு

கண் பற்றிப் புரிந்தது. மூளை பற்றிய இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே? பார்வையற்றவர்களுக்குக் காது மிகக் கூர்மை, பார்வைப் பகுதி காதுக்கு மாறிவிடுகிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுவருகிறோம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கட்டிவிட்ட கதை?

---

#5 | நரம்பிழை

வேணி அக்கா, அந்த வீடியோவைத் தூக்கிப் போடுங்கள். நான் நரம்பறிவியலில் ஆராய்ச்சி மாணவி. என் ஆய்வு வேறு தலைப்பு, ஆனால் இந்தப் பகுதியை விடாமல் படித்துவருகிறேன்.

பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கில் பார்வைக்கான பகுதி, பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களிடம் சாவதில்லை. கண் நரம்பு மெலிந்திருக்கும், புறணியின் பரப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் அதன் தடிமன் பார்வையுள்ளவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைப் பல எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தைப் பருவத்தில் தேவையற்ற இணைப்புகளை மூளை கழித்துக் கட்டும். பார்வை வராதபோது அந்தக் கழிப்பு முழுசாக நடப்பதில்லை என்பது ஒரு விளக்கம்.

சரி, அது என்ன வேலை செய்கிறது? 1996-இல் சதாதோ என்பவரும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அவருடன் இருந்தவர்களும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். சின்ன வயதிலேயே பார்வை போனவர்கள் பிரெயில் படிக்கும்போது முதன்மைப் பார்வைப் புறணி வேலை செய்தது. உடனே ஒரு சந்தேகம் வந்தது: சும்மா எரிகிற விளக்கா, உண்மையிலேயே படிப்பதற்கு உதவுகிறதா? அடுத்த வருஷமே கோஹன் குழு மண்டைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து அந்தப் பகுதியை ஒரு கணம் குழப்பிப் பார்த்தது. பிரெயில் படிப்பதில் பிழைகள் வந்தன. புள்ளி காணாமல் போகிறது, இல்லாத புள்ளி இருப்பதுபோல் இருக்கிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். பார்வையுள்ளவர்களுக்கு அதே இடத்தில் காந்தத்தை வைத்தபோது விரல் தடவி எழுத்தை அறிவதில் அந்தப் பாதிப்பு இல்லை.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது 2000-இல் வெளியான ஒரு நோயாளியின் வரலாறு. ஸ்பெயினில் ஒரு பெண்மணி, அறுபதைக் கடந்தவர், பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நாள் முழுக்கப் பிரெயிலிலேயே வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து பின்மண்டையின் இரு புறமும் பாதிக்கப்பட்டது. பிழைத்து எழுந்தார். விரலில் உணர்வு போகவில்லை. தடவிப் பார்த்து வீட்டுச் சாவியை எடுக்க முடிந்தது, நாணயங்களைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. பிரெயில் மட்டும் போய்விட்டது. புள்ளிகள் இருப்பது தெரிகிறது, எழுத்தாகச் சேரவில்லை. வாழ்க்கையில் ஒரு நாள்கூட எதையும் பார்த்திராத ஒருவருக்குப் "பார்வைப் பகுதி" அடிபட்டதால் படிப்புப் போனது. அந்தப் பகுதி அவருக்குள் அத்தனை வருஷமும் உழைத்திருக்கிறது.

ராகவ் அண்ணா, "காதுக்கு மாறிவிடுகிறது" என்பது பாதிதான். 2011-இல் மரினா பெட்னி குழு காட்டியது இன்னும் வியப்பு. பிறவிப் பார்வையற்றவர்கள் வாக்கியங்களைக் கேட்கும்போது இடது பின்மண்டைப் பகுதி வேலை செய்கிறது. பொருளில்லாத சத்தத்துக்கு அவ்வளவு இல்லை, தொடர்பில்லாத சொற்களுக்கும் அவ்வளவு இல்லை, பொருளும் இலக்கணமும் கூடிய வாக்கியத்துக்கு அதிகம். ஆக, அந்தப் பகுதி மொழி வேலையிலும் பங்கெடுக்கிறது.

வேணி அக்கா, உங்கள் டைரிக் குறிப்புக்கு நேரடிப் பதில் என்று நான் நினைப்பது 2007-இல் வந்த ஒரு ஆய்வு. கார்க், ஷ்வார்ட்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற மூன்று பேர் செய்தது. நெற்றிக்குப் பின்னால் மூளையில் கண் அசைவை ஆளும் ஒரு பகுதி இருக்கிறது. பார்வையுள்ளவர்கள் கண்ணைத் திருப்பும்போது அது வேலை செய்யும். கண்ணைத் திருப்பாமலேயே கவனத்தை மட்டும் ஒரு பக்கம் செலுத்தினாலும் வேலை செய்யும். பார்வையால் வழிநடத்தப்பட்டு ஒருமுறைகூடக் கண்ணைத் திருப்பியிராத பிறவிப் பார்வையற்றவர்களிடம் அது என்ன செய்யும்? வலப்பக்கமோ இடப்பக்கமோ வரப்போகும் ஒலிக்குக் காதைத் தீட்டிக் காத்திருக்கச் சொன்னார்கள். அதே பகுதி வேலை செய்தது, அதோடு பின்மண்டைப் பகுதியும்.

உங்கள் பையனின் கண் எங்கே போகிறது என்பதை வைத்து அவன் கவனம் எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கவனத்தைத் திருப்பும் மூளை வேலை அவனுக்குள் நடக்கிறது. அது வெளியே தெரிகிற இடம் கண் இல்லை, அவ்வளவுதான்.

---

#6 | ராகவ்_ஈரோடு

நல்ல பதில். ஆனால் ஒரு இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. மூளை தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்ற பேச்சையே கேள்வி கேட்டு 2023-இல் தமர் மேக்கின், ஜான் கிராக்கவர் இருவரும் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். ஒரு பகுதி முற்றிலும் புதிய வேலைக்கு மாறுவதில்லை, முன்பே உள்ளுக்குள் இருந்த திறன்தான் மேலே வருகிறது என்பது அவர்கள் வாதம்.

அதற்குச் சாதகமாக ஒரு சோதனையும் இருக்கிறது. பார்வையுள்ளவர்களின் கண்ணை ஐந்து நாள் முழுக்கக் கட்டிவிட்டுப் பிரெயில் கற்றுக்கொடுத்தார்கள். மெராபெட், பாஸ்குவால்-லியோன் குழு, 2008. ஐந்தே நாளில் தொடும்போது பார்வைப் புறணி வேலை செய்ய ஆரம்பித்தது. கட்டை அவிழ்த்த அடுத்த 24 மணி நேரத்தில் அது மறைந்தும் போனது. ஐந்து நாளில் மூளைக்குள் புது நரம்புப் பாதை அவ்வளவு தூரத்துக்கு வளராது. பாதை முன்பே இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் "பார்வைப் பகுதி மொழிக்கு மாறிவிட்டது" என்று சொல்வது மிகை இல்லையா?

---

#7 | நரம்பிழை

பாதை முன்பே இருக்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதுவும் வெறுமையிலிருந்து முளைக்கவில்லை. அதற்கு இன்னும் வலுவான சான்றையே நான் தருகிறேன். விழிக்கோளமே உருவாகாமல் பிறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. கண்ணிலிருந்து ஒரு துடிப்புகூட அந்த மூளைக்குப் போனதில்லை. அப்படியும் நடுப்பார்வைக்கு உரிய பகுதிகள் ஒன்றோடொன்று, ஓரப்பார்வைக்கு உரிய பகுதிகள் ஒன்றோடொன்று என்று இணைப்பு வரைபடம் பெருமளவு நம்முடையதைப் போலவே இருந்தது. அதே வருஷம் ஸ்ட்ரீம்-அமித் குழுவும் பிறவிப் பார்வையற்றவர்களிடம் கிட்டத்தட்ட இதையே கண்டது. எலும்புக்கூடு பிறப்பதற்கு முன்பே வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் உங்கள் வாதத்தால் ஸ்பெயின் பெண்மணியை விளக்க முடியாது. பார்வையுள்ள ஒருவர் ஐந்து நாள் கண்ணைக் கட்டிக்கொண்டால் வருவதும், ஒரு வாழ்நாள் உழைப்பும் ஒன்றில்லை. இருந்த பாதையை வைத்து ஆயுள் முழுக்கக் கட்டியது அது. அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று அறிஞர்கள் சண்டை போடட்டும், அந்த அம்மாவுக்குப் பிரெயில் போனது போனதுதான்.

இணைப்பு என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் செய்திகள் தடம் மாறுகின்றன. ஒருவரை ஸ்கேனருக்குள் சும்மா படுக்க வைக்கிறோம். சில நிமிஷம். மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் ரத்த ஓட்டக் குறிகை ஏறி இறங்கும். இரண்டு பகுதிகள் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் அவை "இணைந்தவை" என்கிறோம். கம்பி போட்டதுபோல் நேர் நரம்பு இருக்கிறது என்று பொருளில்லை.

இப்படிச் சும்மா படுத்திருக்கும்போது பார்த்தால், பிறவிப் பார்வையற்றவர்களிடம் பின்மண்டைக்கும் நெற்றிப் பக்க மொழி, கவனப் பகுதிகளுக்கும் இடையே இணைப்பு கூடியிருக்கிறது. பின்மண்டைக்கும் செவிப் பகுதிக்கும், தொடு உணர்வுப் பகுதிக்கும் இடையே குறைந்திருக்கிறது! பிரெயிலுக்கும் ஒலிக்கும் வேலை செய்யும் பகுதி அவற்றோடு குறைவாக இணைந்திருப்பதா என்று பலரும் குழம்பினார்கள். 2017-இல் மான்ட்ரியாலிலிருந்து வந்த ஒரு ஆய்வு இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் தெளிவாக்கியது. சும்மா இருக்கும்போது ஒரு மாதிரி, கேட்கும் வேலை கொடுத்தால் வேறு மாதிரி. நிலைமைக்கு ஏற்ப இணைப்பு மாறுகிறது.

இங்கேதான் கண் அசைவு திரும்பவும் உள்ளே வருகிறது. பார்வையுள்ளவரை ஸ்கேனரில் படுக்க வைத்து "இந்தப் புள்ளியையே பாருங்கள்" என்று சொல்லலாம். கண்ணைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் இணைப்பு அளவுகள் மாறும் என்பது தெரிந்த விஷயம். செவிவழி சாரைப் படுக்க வைத்து என்ன சொல்வது? அவர் கண் தானாக அசைந்துகொண்டிருக்கும். விழிக்கோளம் உருள்வதே கண்ணுக்குப் பக்கத்து மூளைப் பகுதிகளின் படத்தைக் கலைக்கலாம். கண் தசைக்குக் கட்டளை போகும்போதெல்லாம் அதன் ஒரு பிரதி மூளையின் மற்ற பகுதிகளுக்கும் போகிறது, அதுவும் குறிகையில் கலக்கலாம். ஆகவே பார்வையற்றவர், பார்வையுள்ளவர் என்று இரண்டு குழுவை ஒப்பிடும் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: கண் அசைவைப் பதிவு செய்தார்களா? பல கட்டுரைகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

---

#8 | வேணி

ஸ்பெயின் அம்மாவைப் பற்றிப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. ஆனால் மனசு லேசாகவும் ஆனது. எல்லோருக்கும் நன்றி.

ராகவ் சாரும் நரம்பிழையும் சொல்வது முழுக்கப் புரியவில்லை, ஆனால் அந்தப் பகுதி சாகவில்லை என்பது புரிந்தது. இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, கண்ணை வைத்துக் கவனத்தைச் சொல்ல முடியாது என்றால் டீச்சர் எதை வைத்துச் சொல்வது? அவருக்கும் நாற்பது பிள்ளைகள், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு, அவன் கண்ணைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்கிறான், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ரொம்ப. அதற்கும் மூளைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

---

#9 | சாந்தி_டீச்சர்

வேணிம்மா, இந்த இரண்டும் என் அன்றாட வேலை. சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

முதலில் கண்ணை அமுக்குவது. விழித்திரை நோய் உள்ள பிள்ளைகளிடம், அதுவும் உங்கள் பையனுக்கு இருக்கும் நோயில், இது மிகச் சாதாரணம். ஃபிரான்செஷெட்டி என்ற கண் மருத்துவர் பெயரால் இதைச் சொல்வார்கள். அமுக்கும்போது விழித்திரை தூண்டப்பட்டு ஒளிபோல ஏதோ தோன்றுகிறது, மூளைக்கு அது பிடிக்கிறது என்பதே பொதுவான விளக்கம். கெட்ட பழக்கம் என்று கையில் அடிக்கவே கூடாது. ஆனால் விடவும் கூடாது. வருஷக்கணக்கில் அமுக்கினால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு வற்றிக் கண் உள்ளே போய்விடும், கருவிழியும் கூம்பிப்போகலாம். எப்போது அமுக்குகிறான் என்று கவனியுங்கள். நீங்களே எழுதிவிட்டீர்கள், சும்மா இருக்கும்போது. அந்த நேரத்தில் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள். என் வகுப்பில் புளியங்கொட்டை, சோழி, பட்டாணி மூன்றையும் ஒரு தட்டில் கலந்து பிரிக்கச் சொல்வேன். கை கண்ணுக்குப் போகாது. வெளிச்சம் தெரிகிற பிள்ளை என்பதால் இருட்டு அறையில் ஒரு டார்ச்சோ வண்ண விளக்கோ வைத்து விளையாட விடுங்கள். அதுவும் அந்தப் பசியைக் கொஞ்சம் ஆற்றும்.

அடுத்து கவனம். அமெரிக்காவில் மிச்சிகனில் செல்மா ஃப்ரைபெர்க் என்ற உளவியலாளர் 1960-களில் பார்வையற்ற கைக்குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். தாய்மார்கள் "குழந்தை என்னைக் கண்டுகொள்வதே இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை" என்று வருந்தினார்கள். அவர் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தார். அம்மாவின் குரல் கேட்டதும் விரல்கள் விரிகின்றன, பொம்மை நழுவினால் விரல்கள் அந்த இடத்தைத் துழாவுகின்றன. முகத்தில் இல்லாததெல்லாம் கையில் இருந்தது. அதைத் தாய்மார்களுக்குக் காட்டிக்கொடுத்தார். என் பணிக்காலம் முழுவதும் எனக்கு உதவிய பாடம் அது.

ஆறு வயதில் நீங்கள் பார்க்க வேண்டியது இவை. நன்றாகக் கேட்கும்போது இந்தப் பிள்ளைகள் உடம்பை ஆட்டுவதை நிறுத்தி அப்படியே உறைந்துவிடுவார்கள். தலை குனியும், அல்லது ஒரு காது சத்தத்தின் பக்கம் திரும்பும். முகம் டீச்சரைவிட்டு விலகியிருந்தால் காது டீச்சரைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். விரல்கள் மேசைமேல் மெதுவாக நகரும். இதற்கு நேர் எதிராக, கவனம் போனால் முன்னும் பின்னும் ஆடுவான், கண்ணை அமுக்குவான். டீச்சருக்கு இதை நீங்கள் நேரில் காட்டிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதாது. ஒரு பீரியட் பின்பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள்.

---

#10 | கதிர்_சேலம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் பிறவிக் கண்புரை. மூன்று வாரம்தான் ஆகிறது. கொஞ்சம் வளரட்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கண் இன்னும் அசைய ஆரம்பிக்கவில்லை.

---

#11 | முத்து_ஆப்டம்

கதிர், தயவுசெய்து வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே குழந்தைகள் கண் அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கண்ணிலும் அடர்த்தியான புரை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டல். கண்ணாட்டம் தொடங்கிவிட்டால் பிறகு புரையை எடுத்தாலும் அது பெரும்பாலும் நிற்பதில்லை.

தாமதமாகிவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பிரிகிட்டே ரோடர் குழுவும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்கின்றன. பிறவிப் புரையோடு வளர்ந்து, தாமதமாக அறுவை நடந்தவர்களை ஆராய்கிறார்கள். 2020-இல் அவர்கள் வெளியிட்டதில், கண்ணாட்டம் இருந்தும் இவர்கள் படங்களில் முக்கியமான இடங்களை நோக்கித் தங்கள் பார்வையைக் கொண்டுபோக முடிந்தது தெரிந்தது. ஆடுகிற கண்ணாலும் குறிவைக்க மூளை கற்றுக்கொள்கிறது.

ஆனால் 2016-இல் வந்த அவர்களுடைய இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். நாம் கண்ணை மூடினால் பின்மண்டையில் விநாடிக்கு 8 முதல் 12 தடவை துடிக்கும் ஆல்ஃபா அலை ஓங்கும். பிறவிப் பார்வையற்றவர்களிடம் அது மிகக் குறைவு. புரையை எடுத்துப் பார்வை வந்த பிறகும் அது பார்வையுள்ளவர்களின் அளவுக்கு வரவில்லை. முதல் சில மாதங்களில் கட்டவேண்டியதைப் பிறகு முழுமையாகக் கட்ட முடிவதில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

வேணி, உங்கள் மகனின் நோய் வேறு, இந்த அவசரத்தை நினைத்துக் கலங்காதீர்கள். ஆனால் மரபணுப் பரிசோதனை செய்யாவிட்டால் செய்துவிடுங்கள். இந்த நோய்க்கு 20-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். அதில் ஆர்.பி.இ.65 என்ற ஒன்றுக்கு மட்டும் 2017-இல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. எது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

---

#12 | ராகவ்_ஈரோடு

நரம்பிழை, கண் அசைவைப் பதிவு செய்வது பற்றிச் சொன்னீர்களே, கனவு விஷயத்தில் அதுதானே நடந்தது? பிறவிப் பார்வையற்றவர்களுக்குத் தூக்கத்தில் கண் வேகமாக அசையாது என்று எங்கோ படித்தேன்.

---

#13 | நரம்பிழை

ஆமாம் அண்ணா, அது நல்ல உதாரணம். தூக்கத்தில் விரைவுக் கண் அசைவு வரும் கட்டம் இருப்பது 1953-இல் தெரியவந்தது. 1962-இல் ஒரு குழு வாழ்நாள் முழுக்கப் பார்வை இல்லாதவர்களைப் பதிவு செய்துவிட்டு, அவர்களிடம் அந்த அசைவு இல்லை என்று எழுதியது. கனவில் படம் இல்லை, அதனால் கண் அசையவில்லை என்று கதை அழகாகப் பொருந்தியது.

பதிவு செய்த முறையில்தான் சிக்கல். கண்ணின் முன்பக்கத்துக்கும் விழித்திரைக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்தம் உண்டு. கண் திரும்பினால் பக்கத்தில் ஒட்டிய மின்முனைகளில் அது ஏறி இறங்கும். விழித்திரையே கெட்டுப்போன கண்ணில் அந்த மின்னழுத்தம் மிகக் குறைவு. கண் அசைந்தாலும் பதிவுக் கருவியின் பேனா அசையாது. 1965-இல் வேறு குழு இமைமேல் அசைவையே நேராக உணரும் கருவியை வைத்துப் பார்த்தது. அசைவு இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வும் குறைந்த அளவில் இருப்பதைக் காட்டியது.

---

#14 | செவிவழி

என் கனவில் வகுப்பறை வரும், கரும்பலகை வராது. சுண்ணாம்புக்கட்டி உரசும் சத்தமும், மின்விசிறிக் காற்றில் தாள் படபடப்பதும், எந்தப் பெஞ்சில் யார் கிசுகிசுக்கிறார்கள் என்பதும் துல்லியமாக வரும். அப்போது என் கண் அசைகிறதா என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

வேணி, பள்ளிக்குப் போனீர்களா?

---

#15 | வேணி

நேற்றுப் போனேன். சாந்தி டீச்சர் சொன்னபடி பின்பெஞ்சில் உட்கார அனுமதி கேட்டேன், உடனே சரி என்றார்கள். கணக்குப் பாடம். அவன் தலையைக் குனிந்து இடது காதைப் பலகைப் பக்கம் திருப்பி அசையாமல் இருந்தான். கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரைக் கூப்பிட்டு அவன் விரல்களைக் காட்டினேன். "ஏழும் ஐந்தும்" என்று அவர் சொன்னபோது மேசைக்குக் கீழே விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அவரே பார்த்துவிட்டு, "இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே" என்றார்.

ஒரே ஒரு பிரச்சினை. அவன் இடம் ஜன்னலோரம், வெளியே லாரி சத்தம். அங்கே உட்கார்ந்தால்தான் வெளிச்சம் தெரியும் என்று அவனே கேட்டு வாங்கியது. மாற்றலாமா?

---

#16 | சாந்தி_டீச்சர்

அவனையே கேளுங்கள். என் யோசனை, முன்வரிசையில் டீச்சர் குரல் நேராக வரும் இடம், ஜன்னல் பின்னாலோ பக்கத்திலோ இருக்கட்டும். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று வைத்துப் பார்த்துவிட்டு அவனே முடிவு சொல்லட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், அந்த இரைச்சல் குரலை விழுங்கிவிடும்.